செடி செழிக்கிறது, காய் இல்லை: முதல் தோட்டம் போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் தோட்டத்தில் ஒன்பது தக்காளிச் செடிகள் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து நின்றன. இலைகள் கரும்பச்சை, தண்டு கட்டைவிரல் பருமன். அந்தப் பருவம் முழுவதும் நான் பறித்தது 14 பழங்கள். அவற்றிலும் 6 பழங்களின் அடிப்பாகம் கறுத்து அமுங்கியிருந்தது. உரம் போதவில்லை என்று எண்ணி இன்னும் கொஞ்சம் போட்டேன். இலை இன்னும் அடர்ந்தது, காய் வரவில்லை.

எங்கே பிழை என்று புரிய இன்னும் இரண்டு பருவங்கள் ஆயின. செய்யாமல் விட்டதால் வந்த இழப்பு கொஞ்சம்தான். அளவுக்கு மீறிச் செய்ததாலும் அவசரப்பட்டுச் செய்ததாலும் வந்த இழப்பே பெரிது. தண்ணீர் அதிகம், உரம் அதிகம், பாத்தியில் செடிகள் அதிகம், மருந்து அதிகம். நீங்கள் அந்த இரண்டு பருவங்களை இழக்க வேண்டியதில்லை. வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். முதல் இரண்டு படிகளையும் விதை வாங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

1. முதலில் வெயிலை அளந்து பாருங்கள்

நான் காலை 11 மணிக்குப் பார்த்து, "நல்ல வெயில் விழுகிறது" என்று இடத்தை முடிவு செய்தேன். ஒரு மணிக்கு மேல் சுவரின் நிழல் அந்த இடத்தை முழுக்க மூடிவிடும் என்பது நட்ட பிறகுதான் தெரிந்தது. பிறகு செடியைப் பிடுங்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோகவா முடியும்?

இதற்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, நேரடி வெயிலா நிழலா என்று தாளில் குறியுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பூசணி, வெள்ளரி போன்று காய்க்கும் பயிர்களுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். முள்ளங்கி, காரட், பீட்ரூட் போன்றவை அதைவிடச் சற்றுக் குறைந்தாலும் தாங்கும். கீரைகள் 3, 4 மணி நேரத்திலும் வளரும். மரக்கிளைகளுக்கு இடையே புள்ளி புள்ளியாக விழும் வெளிச்சத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: சூரியன் போகும் பாதை மாதத்துக்கு மாதம் விலகும். விதைக்கும்போது வெயிலாக இருந்த மூலை, காய்க்கும் காலத்தில் நிழலாகலாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கணக்கை எடுத்து, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடத்தில் நாலு மணி நேர வெயில்தான் என்றால் கீரை போடுங்கள். அங்கே தக்காளி நட்டு, உரத்தால் ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள். வெயிலுக்கு மாற்று எதுவும் கிடையாது.

2. மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள், பரிசோதனை அறிக்கை வாங்குங்கள்

தரையில் தோட்டம் போடுவதென்றால் மண் பரிசோதனைதான் நீங்கள் வாங்க வேண்டிய முதல் ஆவணம். ஒரு மூட்டை உரம் வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிட்டால் தேவையில்லாத பல செலவுகள் நின்றுவிடும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே இடத்தில் மேல்மண்ணைக் கிள்ளிக் கொடுத்தால் அந்த ஒரு பிடி மண்ணைப் பற்றித்தான் அறிக்கை வரும். தோட்டத்தில் ஆறேழு இடங்களில் மேலே கிடக்கும் சருகை விலக்கி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உரக்குழி, மரத்தடி, வரப்பு ஓரம் ஆகிய இடங்களைத் தவிருங்கள். உரம் போட்ட உடனேயும் மாதிரி எடுக்கக் கூடாது. முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், நடவுக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது கார அமில நிலை (pH). பெரும்பாலான காய்கறிகளுக்கு 6 முதல் 7 வரை இருந்தால் போதும். இந்த எண் மிகவும் இறங்கினால் மண்ணில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) செடிக்குக் கிடைக்காது, 7.5-க்கு மேலே ஏறினால் இரும்புச் சத்து கிடைக்காது. சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. அந்த நிலையில் உரத்தைக் கூட்டுவது வீண். விறகுச் சாம்பலை அள்ளிக் கொட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாம்பல் மண்ணின் காரத்தை ஏற்றும். அறிக்கையைப் பார்க்காமல் கொட்டாதீர்கள்.

ஈர மண்ணைக் கொத்துவதும் எல்லோரும் செய்கிற பிழை. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து விரலால் தட்டும்போது உதிர்ந்தால் கொத்தலாம். களிமண் உருண்டைபோல அப்படியே நின்றால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரத்தில் கொத்திய மண் காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகிவிடும். அதைச் சரிசெய்ய ஒரு பருவம் போய்விடும். இதே காரணத்தால் பாத்திக்குள் கால் வைக்கவும் கூடாது. பாத்தியின் அகலத்தை 120 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொண்டால் இரு பக்கமும் நின்றபடியே நடுப்பகுதி வரை கை எட்டும்.

3. பணத்தை எந்த வரிசையில் செலவு செய்வது

முதல் பருவத்தில் என் பணத்தில் பாதி, குப்பியில் வரும் வளர்ச்சி ஊக்கிகளுக்கும் பூச்சி மருந்துக்கும் போனது. இப்போது கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் மக்கிய எரு அல்லது மண்புழு உரம். அடுத்து, தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேர ஓர் ஏற்பாடு. சாதாரண பூவாளியோ சொட்டுநீர்க் குழாயோ எதுவானாலும் சரி. மூன்றாவது, தரமான விதை. நான்காவது, கொடி படரப் பந்தல், தக்காளிக்கு முட்டுக்குச்சி. கருவிகளில் மண்வெட்டி, களைக்கொட்டு, கூரான கத்தரி, கைக்கரண்டி நான்கும் போதும். ஊக்கிகளை முதல் ஆண்டில் வாங்கவே வேண்டாம்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் தொட்டியின் அளவில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு தக்காளிச் செடிக்கு 20 லிட்டர் கொள்ளளவு வேண்டும். மிளகாய்க்கு 10, 12 லிட்டர் போதும். கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் சரி. சிறிய தொட்டியில் வேர் சுருண்டுகொள்ளும். காலையில் ஊற்றிய தண்ணீர் பிற்பகலில் வற்றிவிடும். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் மண்ணில் இருக்கும் நீர், கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்குக் கிடைக்கும் இடம்தான் குறையும். ஓட்டையின் மேல் ஒரு துண்டு வலையை வைத்துவிட்டு முழுவதும் மண் கலவையையே நிரப்புங்கள். மாடியில் வைப்பதானால் எடையையும் எண்ணிப் பாருங்கள்: 20 லிட்டர் ஈரத் தோட்ட மண் 25 கிலோவைத் தாண்டும்.

4. விதைப் பொட்டலத்தை ஒரு ஆவணமாகப் படியுங்கள்

படத்தைப் பார்த்து வாங்கிவிட்டுப் பொட்டலத்தைக் குப்பையில் போடாதீர்கள். அதில் நான்கு செய்திகள் இருக்கும்: பொட்டலமிட்ட தேதி அல்லது காலாவதித் தேதி, முளைப்புத்திறன் சதவீதம், அறுவடைக்கு ஆகும் நாட்கள், வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகமா என்பது.

வெங்காய விதை ஓரிரு ஆண்டுகளிலேயே உயிர்ப்பை இழக்கும். தக்காளி, வெள்ளரி விதைகளை உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் நான்கைந்து ஆண்டுகள் தாங்கும். சந்தேகமிருந்தால் பத்து விதைகளை ஈரத் துணியில் சுருட்டி, மூடிய டப்பாவில் வைத்துப் பாருங்கள். முள்ளங்கி நான்கு நாளில் காட்டிவிடும். மிளகாய்க்கு இரண்டு வாரம் கூட ஆகலாம். பத்தில் ஏழு முளைத்தால் விதைக்கலாம். நான்குதான் முளைத்தது என்றால் இரண்டு மடங்கு விதையுங்கள், அல்லது புதிதாக வாங்குங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் விதைத்துவிட்டு மூன்று வாரம் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் பருவத்தைத் தவறவிடும் வழி.

"70 நாளில் அறுவடை" என்று இருந்தால், விதைத்த நாளிலிருந்தா, நாற்று நட்ட நாளிலிருந்தா என்று பாருங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய்க்குப் பெரும்பாலும் நட்ட நாளிலிருந்துதான் கணக்கு. நாற்றங்காலில் போகும் ஐந்தாறு வாரங்களை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தின் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த முறை போட்டால் தாய்ச்செடியைப் போல் வராது. விதை சேமிக்க விரும்பினால் நாட்டு ரகம் வாங்குங்கள்.

ஆழத்துக்கு எளிய கணக்கு: விதையின் பருமனைப் போல் இரண்டு, மூன்று மடங்கு. கீரை விதையை விரலளவு ஆழத்தில் புதைத்தால் அது மேலே வருவதற்குள் சத்து தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைப்பதும் வேண்டாம். முள்ளங்கி, கீரை போன்றவற்றைப் பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் சிறிது சிறிதாக விதைத்தால் மூன்று மாதமும் பறிக்கலாம். இல்லையென்றால் ஒரே வாரத்தில் குவிந்து, பாதி முற்றிப்போகும்.

5. நெருக்கமான செடிகளை நீக்க மனம் வைக்க வேண்டும்

நெருக்கமாக முளைத்த செடிகளில் கொஞ்சத்தை நீக்கும் வேலையைத்தான் நான் மிகவும் தள்ளிப்போட்டேன். உயிரோடு நிற்கும் செடியை எப்படிப் பிடுங்குவது என்ற தயக்கம். காரட் பாத்தியில் ஒன்றையும் நீக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத் தோண்டியபோது பென்சில் பருமனில், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தன. ஒரு முழுப் பாத்தியில் சமைக்கத் தக்கதாக ஒரு கைப்பிடிதான் தேறியது.

காரட், முள்ளங்கிக்குச் செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். பருத்த முள்ளங்கி ரகமானால் அதைப் போல் இரண்டு மடங்கு. வெண்டைக்கு 30 முதல் 45, தக்காளிக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர். நாற்று சிறியதாக இருக்கும்போது இந்த இடைவெளி பாலைவனம்போலத் தெரியும். இடையில் இன்னும் இரண்டு செடி வைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். நெருக்கத்தில் காற்று ஓடாது, இலையில் ஈரம் காயாது, பூஞ்சை நோய் வரும். அந்த இடம் வீணாகிறதே என்று தோன்றினால் முதல் 30 நாளில் பறித்து முடிக்கக்கூடிய கீரையைத் தூவுங்கள்.

முளைக்கும்போது வரும் வித்திலைகளை அடுத்து இரண்டு உண்மை இலைகள் விட்டதும் நீக்கத் தொடங்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். சிறு கத்தரியால் மண்ணோடு ஒட்டி வெட்டிவிடுங்கள். வெட்டிய கீரை நாற்றைச் சமைக்கலாம்.

6. நாற்றை மாற்றி நடும்போது

நாற்று வாங்கப் போனால் பூவோ பிஞ்சோ உள்ள பெரிய நாற்றைத்தான் கண் தேடும். அதை வாங்காதீர்கள். சிறிய குழியில் வேர் சுருண்டு, நெருக்கடி தாங்காமல் பூத்த செடி அது. நட்ட பிறகு வேர் ஓடாமல் அப்படியே நின்றுவிடும். நான்கு முதல் ஆறு இலை விட்ட, குட்டையான, தண்டு தடித்த நாற்றே சிறந்தது. இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈயையும் அசுவினியையும் நீங்களே காசு கொடுத்து வீட்டுக்கு அழைத்து வரக்கூடாது.

நிழலில் வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் நட்டால் இலை வெளுத்துக் கருகும். 7 முதல் 10 நாள் பழக்குங்கள்: முதல் நாள் ஒரு மணி நேரக் காலை வெயில், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். நடுவது மாலையில் இருக்கட்டும். இரவு முழுவதும் வேர் நிலைகொள்ள நேரம் கிடைக்கும். தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடலாம், புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். மற்றவற்றை நாற்றங்காலில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள். காரட், முள்ளங்கியை மாற்றி நடவே கூடாது. கிழங்காக வேண்டிய ஆணிவேர் முறிந்தால் கிளைத்துக் கோணலாகிவிடும்.

7. தண்ணீர்: விளைச்சலை அதிகம் இழப்பது இங்கேதான்

அடிப்பாகம் கறுத்த அந்த ஆறு தக்காளிக்கு வருகிறேன். அது நோயன்று. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. சுண்ணாம்பு மண்ணில் இல்லை என்று நினைத்து நான் முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்காகும், அந்தப் பருவத்துக்கு உதவாது. பெரும்பாலான தோட்டங்களில் சுண்ணாம்பு மண்ணிலேயே இருக்கும். அது தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்த ஓட்டம் அறுந்து அறுந்து போகும்; பிஞ்சின் நுனி முதலில் பட்டினி கிடக்கும். அடுத்த பருவத்தில் எதையும் சேர்க்காமல், தண்ணீரைச் சீராக்கி, மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்குப் போட்டேன். கறுத்தவை இரண்டோ மூன்றோதான். பழம் வெடிப்பதற்கும் காரட் பிளப்பதற்கும் இப்படி வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வருவதுதான் பெரும்பாலும் காரணம்.

எப்போது ஊற்றுவது என்பதற்குக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம், மேல்மண் வெளுத்துக் கிடந்தாலும் சரி. நண்பகலில் பூசணி இலை துவண்டு தொங்கினால் பதறாதீர்கள். வெயிலின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாத நேரம் அது. மாலையில் நிமிர்ந்துவிட்டால் எல்லாம் சரி. காலையிலும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் விரலை விட்டுப் பாருங்கள். மண் சொதசொதவென்று இருந்தால் தாகத்தால் வந்த வாட்டமல்ல; வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கியிருக்கிறது. அங்கே மேலும் ஊற்றுவது செடியைக் கொன்றுவிடும்.

தரைப் பாத்திக்கு வாரத்துக்கு 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்று தொடங்குங்கள். கடும் வெயிலில் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும், மழை பெய்தால் அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். இதை நாள்தோறும் தெளிப்பதைவிட இரண்டு, மூன்று தவணையாக ஆழமாகப் பாய்ச்சுங்கள். மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே நிற்கும். தொட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெயில் காலத்தில் தினமும், சில நாள் இருமுறையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அதிகாலையே நல்ல நேரம். இலையை நனைக்காமல் வேரடியில் ஊற்றுங்கள். இரவு முழுவதும் ஈரமாக இருக்கும் இலையில் பூஞ்சை பிடிக்கும். பிறகு மூடாக்கு: காய்ந்த இலை, வைக்கோல் எதுவானாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். விதை முளைக்காத பாத்தியில் மூடாக்குப் போடாதீர்கள்.

8. உரம்: இலை வேண்டுமா, காய் வேண்டுமா

என் ஒன்பது செடிகளும் இலையாகவே வளர்ந்ததற்குக் காரணம் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். அளவு மீறினால் செடி பூக்க மறந்துவிடும். மென்மையான இளந்தளிரைத் தேடி அசுவினியும் வரும். கீரைக்குத் தழைச்சத்து நல்லது. காய்க்கும் பயிருக்கு நடவின்போது மக்கிய எரு, மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு பிடி, முதல் பிஞ்சு பிடித்ததும் இன்னொரு பிடி. அவ்வளவே போதும். கடையில் வாங்கும் உரமென்றால் பையில் அச்சிட்ட அளவைத் தாண்டாதீர்கள். அவரை, காராமணி போன்ற பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். அவற்றுக்குத் தழைச்சத்து உரம் போட்டால் அந்த முடிச்சுகள்தான் குறையும்.

புதுச் சாணத்தைப் பாத்தியில் போடாதீர்கள். அதன் சூடும் அம்மோனியாவும் இளவேரைக் கருக்கும். அதில் களை விதையும் நோய்க்கிருமியும் இருக்கும். மக்காத சாணத்தைப் போட நேர்ந்தால், மண்ணைத் தொட்டு வளரும் கீரை, கிழங்கு வகைகளை அதிலிருந்து 120 நாள் கழித்தே அறுக்க வேண்டும். மண்ணைத் தொடாமல் மேலே தொங்கும் காய்க்கு 90 நாள். நன்றாக மக்கிய எருவுக்கு நாற்றம் இராது, கை வைத்தால் சூடும் இராது, மழை நனைத்த மண்ணின் மணம் வரும். மரத்தூளை மண்ணுக்குள் கலப்பதும் வேண்டாம். அது மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மேலே மூடாக்காகப் போட்டால் தொல்லையில்லை.

இலை மஞ்சளானால் உடனே உரப்பையைத் தேடாமல் எந்த இலை என்று பாருங்கள். அடி இலைகள் முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து எட்டவில்லை; மண் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

9. பூ நிறைய இருக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை

பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் ஆண் பூக்களே வரும், அவை உதிரத்தான் செய்யும். அதைக் கண்டு மருந்து அடிக்க ஓட வேண்டாம். பூவுக்கு அடியில் பாருங்கள். காம்பு மட்டும் மெலிதாக இருந்தால் ஆண். காம்புக்கும் இதழுக்கும் நடுவே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிக் காய் இருந்தால் பெண். அந்தக் குட்டிக் காய் இரண்டு மூன்று நாளில் மஞ்சளித்துச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் கூம்பிய காயும் பெரும்பாலும் மகரந்தம் போதாமல் வந்ததே.

பெண் பூ ஒரே ஒரு முறைதான் மலரும். தேனீ வரவில்லை என்றால் நீங்கள் செய்யுங்கள். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்தால் நடுவில் மஞ்சள் தூள் அப்பிய தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் உள்ள பிசுபிசுப்பான குமிழில் சுற்றிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். நேரம் மிக முக்கியம்: பூசணி, பாகல் பூக்கள் விடியலில் மலரும், வேலையைக் காலையிலேயே முடிக்க வேண்டும். சுரை, பீர்க்கு, புடலை மாலையில் மலரும். நான் ஒரு பருவம் முழுக்கச் சுரைக்கொடியின் கீழே காலையில் போய் நின்று, வாடிய பூக்களைப் பார்த்துத் திரும்பினேன்.

தக்காளி, மிளகாய், கத்தரியில் ஒரே பூவில் இரண்டும் உண்டு. பூக்கொத்தைக் காலையில் விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் போதும். ஆனால் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளிப் பூ உதிர்ந்தே தீரும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் அப்படித்தான். அது உரக்குறையன்று. நிழல்வலை கட்டி, தண்ணீரைச் சீராக வைத்துப் பொறுத்திருங்கள். வானிலை மாறியதும் பிஞ்சு பிடிக்கும். முறையான தீர்வு விதைக்கும் தேதியை மாற்றுவதே. பூக்கும் வாரங்கள் கடும் வெயிலிலோ கடும் குளிரிலோ விழாதபடி பின்னோக்கி எண்ணி விதையுங்கள். மக்காச்சோளத்தை ஒற்றை வரிசையில் விதைக்காதீர்கள். அது காற்றால் மகரந்தம் சேரும் பயிர். நான்கு வரிசையாவது சதுரமாக நட்டால்தான் கதிரில் மணி நிறையும்.

10. பூச்சியைப் பார்த்ததும் மருந்தை எடுக்காதீர்கள்

வாரம் இருமுறை இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முட்டையாக இருக்கும்போதே விரலால் நசுக்கிவிட்டால் மருந்தே தேவைப்படாது. அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே விரட்டலாம். சிறு முதலைபோல, கருஞ்சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஊர்வதைக் கண்டால் கொல்லாதீர்கள். அது பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்று தீர்ப்பது அதுதான். நான் அவற்றை ஒரு வாரம் பொறுக்கிப் பொறுக்கிக் கொன்றேன். அடுத்த வாரமே அசுவினி இரண்டு மடங்கானது.

வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டருக்கு 5 மில்லி, கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல். முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். எதைத் தெளித்தாலும் பொழுது சாய்ந்த பிறகே தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் இலையைக் கருக்கும், பூவில் இருக்கும் தேனீக்கும் கேடு. விரிந்த பூவின் மேல் எதையும் தெளிக்காதீர்கள். ரசாயன மருந்து வாங்கினால், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அதன் சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டைக் கிழித்துவிடாமல் வைத்திருங்கள்.

11. பறிக்கத் தாமதிப்பதும் விளைச்சல் இழப்பே

விதை முற்றியதும் செடி தன் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். ஒரு வெள்ளரி இலை மறைவில் முற்றி மஞ்சளானால் அந்தக் கொடியின் அடுத்த பிஞ்சுகள் தயங்கும். வெண்டை பூத்த நான்கு முதல் ஏழாம் நாளுக்குள் பறிக்கத் தக்கதாகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். நுனி சட்டென ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றல். அவரை, காராமணியில் உள்ளே பருப்பு புடைக்கும் முன்பே பறியுங்கள். கீரையைப் பூக்கும் முன் நுனி கிள்ளினால் பக்கக் கிளை விடும். தக்காளி நிறம் திரும்பத் தொடங்கியதும் பறித்து நிழலில் வைத்தாலும் பழுக்கும், பறவைக்கும் வெடிப்புக்கும் தப்பும். இழுத்துப் பிய்க்காமல் கத்தரியால் காம்போடு வெட்டுங்கள்.

ஊருக்குப் போவதானால் போகும் முன் பிஞ்சு உட்பட எல்லாவற்றையும் பறித்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது புதிதாகப் பூத்திருக்கும்.

12. ஒரு நோட்டுப் புத்தகம், அடுத்த பருவத்துக்கு ஒரு வரைபடம்

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். தக்காளி எடுத்த பாத்தியில் கத்தரி வைத்தால் பயிர் மாற்றியதாகாது. மண்ணில் தங்கிய அதே நோய் அதையும் பிடிக்கும். ஒரே குடும்பம் அதே பாத்திக்குத் திரும்ப மூன்று ஆண்டாவது இடைவெளி விடுங்கள். எந்தப் பாத்தியில் எது இருந்தது என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். அதனால் தோட்டத்தின் படத்தை ஒரு பக்கத்தில் வரைந்து, பாத்திக்கு எண் கொடுத்துவிடுங்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை கொஞ்சம்தான்: பயிர், ரகம், விதைத்த தேதி, நட்ட தேதி, முதல் பூ, முதல் பறிப்பு, உரம் போட்ட நாளும் அளவும், மொத்தம் எவ்வளவு பறித்தீர்கள். விதைப் பொட்டலத்தையும் மண் அறிக்கையையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். நோயுற்ற செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். காலியான பாத்தியை வெறுமையாக விடாமல் மூடாக்கால் மூடிவையுங்கள்.

செடிக்குப் பக்கத்தில் குத்தும் பெயர்க்குச்சியில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை இரண்டு மாத வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து பருவம் முடியும் வரை நிற்கும்.